முப்பத்துநாலு இடுப்பு, நாற்பத்தொன்று நீளம்

தையல்காரர் எங்கே உட்கார்ந்தாலும் அவருடைய கால்கள் சும்மா இருப்பதில்லை. பேருந்தில், முடிவெட்டும் கடையில், யாராவது வீட்டு விசேஷத்தில் முன்வரிசை நாற்காலியில் என்று எங்கே இடம் கிடைத்தாலும் சற்று நேரத்தில் குதிகால் தாழும், விரல்நுனி எழும். விரல்நுனி தாழும், குதிகால் எழும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மிதிபலகை அவர் போகும் இடமெல்லாம் கூடவே போய்க்கொண்டிருந்தது.

மகள் சின்னவளாக இருந்தபோது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையின் வெட்டுமேசைக்குக் கீழே அவர் கண்ணயரும் அரைமணி நேரம்தான் அவளுக்குப் பிடித்த நேரம். துணிகளுக்கிடையே புகுந்து வரும் வெயில் அவர் பாதத்தில் மட்டும் விழும். தூக்கத்திலும் அந்தப் பாதம் மிதித்துக்கொண்டிருக்கும். சீராக மிதித்தால் நேர்த்தையல். நின்று நின்று மிதித்தால் காலர். அவளாகவே கண்டுபிடித்த கணக்கு இது.

"அம்மா, அப்பா கனவுல சட்டை தைக்கறாரு."

"எனக்கு ஒரு மேல்சட்டை கேட்டு ஆறு மாசமாச்சு. கனவுலயாவது தைக்கட்டும். எழுப்பாத."

அந்தக் கால்கள் எந்த நாளில் நின்றன என்று பிற்காலத்தில் எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. எந்த வருடம் என்று மட்டும் தெரியும். அதற்குக் காரணம் தான்தான் என்பதும் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்தாள்.

அந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் கையால், காலால், முதுகால் வாழ்ந்தவர்கள். "என் கால் சம்பாதிச்சுது, அவ தலை படிச்சுது" என்று தையல்காரர் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவளுக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் என்ன வாங்குவது என்று அவள் யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூட நாளிலேயே முடிவு செய்து வைத்திருந்தாள். தையல் இயந்திரத்துக்கு ஒரு மின்மோட்டார். ஒரு ரொட்டி அளவுதான் இருக்கும். பச்சை வண்ணம், கறுப்பு பெல்ட்.

"இனிமே உங்க காலுக்கு லீவுப்பா."

அவர் மோட்டாரைத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை மறுபடியும் துடைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலால் மட்டும் அழுத்தினார். இயந்திரம் குளவிபோல ரீங்கரித்துக்கொண்டு ஓடியது. "அடேயப்பா, இது நம்மள விட்டுட்டுப் போயிடும் போலிருக்கே" என்றார். அன்று கடைக்கு வந்த அத்தனை பேரும் அந்தப் பெருவிரலைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அதன்பின் மூன்று வருடம் கால்கள் ஓய்வெடுத்தன. முன்பு ஒரு நாள் பிடித்த வேலை இப்போது மூன்று மணிக்கே முடிந்தது. மிச்ச நேரத்தில் அவர் கடை வாசலில் நின்று புகைத்தார். மூன்று சிகரெட் ஆறாகி, ஆறு எட்டானது. நாலு மணிக்குப் பொரித்த உருளைக்கிழங்கு ஒரு பொட்டலம், மேலே உப்பு தூவி. ஊரார் இடுப்பையெல்லாம் டேப் வைத்து அளந்தவர் தன் இடுப்பை அளந்ததே இல்லை. தையல்காரர்கள் கால்சட்டையின் பின்தையலில் கொஞ்சம் துணியை உள்ளே விட்டு வைப்பார்கள். ஆள் பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அவர் தன்னுடையதை மட்டும் யாருக்கும் சொல்லாமல் பிரித்தார். அரை இஞ்ச், பிறகு இன்னொரு அரை. உள்துணி தீர்ந்ததும் பின்னால் முக்கோணமாக ஒரு துண்டை வைத்து ஒட்டுப்போட்டார். கண்ணாடியில் பார்க்கும்போது எப்போதும் கச்சிதமாகவே இருந்தார்.

"வயிறு முன்னாடி போகுது, நீங்க பின்னாடி வர்றீங்க" என்பாள் மனைவி.

"நல்ல கடைக்குப் பெயர்ப்பலகை பெருசாத்தான் இருக்கும்" என்பார் அவர்.

மகள் அலுவலகத்தில் தினமும் நூறு படிவங்களைச் சரிபார்த்தாள். புகைப் பழக்கம் உண்டா? இரத்த அழுத்தம் எவ்வளவு? அன்றாடம் உடலுழைப்பு உண்டா? முன்பின் தெரியாத மனிதர்களின் இதயங்களைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அப்பா பிரித்த பொட்டலத்திலிருந்து தானும் இரண்டு துண்டு எடுத்துத் தின்றாள்.

*

அது நடந்தபோது அவருக்கு ஐம்பத்துநாலு. பொத்தான் வாங்க மொத்தக் கடைத் தெருவுக்குப் போயிருந்தார். உச்சி வெயில். முதலில் வியர்த்தது. பிறகு சூடான இஸ்திரிப்பெட்டியை யாரோ நெஞ்சில் வைத்து, எடுக்க மறந்துவிட்டுப் போனதுபோல ஒரு பாரம். இடது கை மரத்தது. வாயுவாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார். பொத்தான்கள் பையிலிருந்து சிதறிப் படியில் உருண்டு போவதைப் பார்த்தார். யாருடையவோ பொத்தான்கள் என்று தோன்றியது.

அதற்குப் பின் உள்ளதெல்லாம் கனவுக்கும் நினைவுக்கும் நடுவில் இருந்தது. யாரோ அவரைத் தூக்கினார்கள். பிறகு அவர் ஏரியின் அடியில் படுத்திருந்தார். சுற்றிலும் நீலம் ஆடியது, மேலே கூரையில் வெளிச்சம் அலையலையாக நெளிந்தது. பயமே இல்லை. மீன்தான் ஒன்றையும் காணோம் என்று நினைத்தார். அது தண்ணீர் கேன்கள் ஏற்றிய வேன் என்பது வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது. பின்கதவு திறந்தது. வெளிச்சத்தில் ஒருவன் முதுகைக் காட்டி நின்று, ஸ்ட்ரெச்சர் கொண்டு வரச் சொல்லிக் கத்தினான். அந்த முதுகைத்தான் அவர் பார்த்தார். இடுப்பு முப்பத்துநாலு. நீளம் நாற்பத்தொன்று. பாரம் தூக்கித் தூக்கி வலது இடுப்பு இடதைவிட அரை இஞ்ச் இறங்கியிருந்தது. நல்ல துணிதான், ஆனால் வலது காலின் மடிப்புத் தையல் விட்டுப்போய், அந்த இடத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது.

'இவ்வளவு நல்ல துணிக்கு ஸ்டேப்ளரா' என்று வருத்தப்பட்டபடியே அவர் நினைவிழந்தார்.

பிழைத்துக்கொண்டார். இன்னும் கால்மணி நேரம் தாமதமாகியிருந்தால் பேச்சே வேறு என்று இளம் மருத்துவர் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு மகளைவிட நாலைந்து வயதுதான் கூடுதலாக இருக்கும்.

"மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது ஐயா. சிகரெட் இன்னையோட போச்சு. உப்பு பாதி. பொரிச்சது வேண்டாம், காயும் பழமும் சாப்பிடுங்க. உடம்பு கொஞ்சம் தேறட்டும், அப்புறம் தினமும் நடக்கணும். மெதுவா ஆரம்பிச்சு அரைமணி நேரம் வரைக்கும்."

"எங்க நடக்கறது டாக்டர்?"

"எங்கயாவது."

"வேலை இல்லாம எங்கயாவது எப்படி நடக்கறது? பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

மருத்துவர் சிரித்துவிட்டு மருந்துச் சீட்டை எழுதினார். மகளுக்கு அந்தக் கேள்வி புரிந்தது. அவள் வீட்டு மனிதர்கள் யாரும் காரணமில்லாமல் நடந்ததில்லை. நடப்பது என்றால் போய்ச் சேர ஓர் இடம் இருக்க வேண்டும். சும்மா நடப்பவன் வேலை போனவன், அல்லது புத்தி போனவன்.

வெளியே வந்ததும் அவள் மருத்துவரைத் தனியாகப் பிடித்தாள். மிதிபலகையைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் சொன்னாள். "நான்தான் அவர் காலை நிறுத்தினேன்."

"புகை இருக்கு, உப்பு இருக்கு, அழுத்தம் இருக்கு, எடை இருக்கு. எல்லாம் சேர்ந்துதான்மா. ஒரு மோட்டார் மேல எல்லாத்தையும் போட முடியாது" என்றார் மருத்துவர். ஆனால் மோட்டாருக்கு அதில் பங்கே இல்லை என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லாத இடத்தில் மகள் பல நாள் குடியிருந்தாள். ஓய்வு கொடுப்பதுதான் அன்பு என்று அவளுக்கு யார் சொன்னது? படித்த படிப்பிலா இருந்தது, படிக்காத வீட்டின் ஆசையிலா?

*

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மாதம் எதுவும் அசையவில்லை. அரைமணி நேரம் நடக்கச் சொன்னால் தெருமுனை வரை போய்விட்டு வந்து, "ஆச்சு" என்பார். அம்மா உப்பைக் குறைத்தாள். அவர் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்து போட்டுக்கொண்டார். அம்மா கைக்குட்டையைத் துவைக்கும்போது கண்டுபிடித்தாள். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சொன்ன வாய் புதினா வாசம் அடித்தது. மகள் படித்த பெண்ணாகப் பேசிப் பார்த்தாள், மகளாக அழுது பார்த்தாள். ஆளை அசைக்க முடியவில்லை.

ஒரு நாள் மகள் அலுவலகம் விட்டு வரும்போது அவருடைய கடை மேசையில் புதிதாக ஒரு பேன்ட் வெட்டிக் கிடந்தது. கருநீலம், அவரிடம் இருந்ததிலேயே நல்ல துணி. மேலே குத்திய சீட்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. 34, 41, வலது அரை இறக்கம் என்று மட்டும் இருந்தது.

"யாருக்குப்பா இது?"

"என்னைத் தூக்கிட்டுப் போனானே, அவனுக்கு."

"பேரு தெரியுமா?"

"தெரியாது. ஆஸ்பத்திரி நோட்டுல வழிப்போக்கன்னு எழுதியிருக்காங்க."

"முகம்?"

"முகத்தை எங்க பார்த்தேன்? இடுப்பைப் பார்த்தேன். அது போதும்."

மறுநாள் விடியலில் மகள் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. ஏழரைக்கு வந்தார், நெற்றியெல்லாம் வியர்வை. மொத்தக் கடைத் தெரு வரைக்கும் போய்ப் பார்த்ததாகவும் ஆள் அகப்படவில்லை என்றும் சொன்னார். அதற்கடுத்த நாள் ஆற்றுப் பாலத்தின் பக்கம். அதற்கடுத்த நாள் பேருந்து நிலையம். வேலையில்லாமல் நடக்கத் தெரியாதவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

அந்தக் காலைகளில் மகளும் சில நாள் கூடப் போவாள். பனி தரையை விட்டு எழும்பாத நேரம். தெருவிளக்குகள் எரிந்தபடியே வெளுத்துப்போகும். எதிரில் வருகிறவர்கள் முகமில்லாமல் வந்து, பக்கத்தில் முகம் பெற்று, கடந்ததும் மறுபடியும் வெறும் முதுகாகக் கரைந்து போவார்கள். அப்பா அந்த முதுகுகளைத்தான் பார்ப்பார். "முப்பத்தெட்டு... முப்பத்தாறு, நடையில ஒரு கோணல்... இவன் முப்பத்துநாலுதான், ஆனா கால் குட்டை" என்று முணுமுணுத்துக்கொண்டே வருவார். ஊரே தூங்கி எழுந்து அவர் முன்னால் அளவு கொடுக்க நடந்து போவதுபோல இருக்கும். ஒரு முறை முன்னால் போனவர் திரும்பி நின்று, "என்னய்யா, ரெண்டு தெருவா பின்னாடியே வர்ற?" என்று சட்டைக் கையை மடித்தார். "ஒண்ணுமில்லைங்க, உங்க பேன்ட் நல்லாத் தைச்சிருக்காங்க" என்று அப்பா சொல்ல, அந்த ஆள் தைத்த கடையின் விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஊர்ல இருக்கற ஆம்பளைங்க பின்பக்கம் பூரா உங்கப்பாவுக்கு மனப்பாடம். எந்த வீட்டுலயும் சொல்லித் தொலைக்காதடி" என்றாள் அம்மா.

நீளக்கால்காரன் ஒருவனை மேட்டுத் தெருவில் பின்தொடர்ந்து மூச்சு வாங்கி நின்றுவிட்ட அன்றைக்கு அவர் சிகரெட்டை நிஜமாகவே விட்டார். "அவனா இருந்திருந்தா? இந்தப் பாழாப்போன புகையால தவற விட்டிருப்பேனே" என்றார். பசியோடு வந்து, போட்ட காயையெல்லாம் சாப்பிட்டார். தன் பேன்ட்டின் பின்தையலைப் பிரித்து முக்கோண ஒட்டை எடுத்தார். அடுத்த வருடம் இன்னும் ஒரு இஞ்ச் உள்ளே பிடித்தார். மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கருவி சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார்.

மோட்டாரும் பெல்ட்டை இழந்தது. அதை மகள் காதால் கண்டுபிடித்தாள். சாயங்காலம் தெருமுனை திரும்பும்போது பழைய மிதிபலகைத் தடதடப்பு கேட்கும்; அவள் கடையை நெருங்கும்போது அது நின்று, உள்ளே ஏதோ உருட்டும் சத்தம்; அவள் படியேறும்போது குளவி ரீங்கரிக்கும். அவள் வாங்கித் தந்ததை ஒதுக்கினால் அவள் மனம் நோகும் என்று அவர் அவசர அவசரமாகப் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அதன்பின் அவள் தினமும் தெருமுனையில் கொஞ்சம் பலமாகச் செருமிவிட்டு, அவருக்கு நேரம் கொடுத்து, மெதுவாக நடந்தாள்.

*

ஒரு வருடம் கழிந்திருக்கும். தையல்காரர் ஒரு நாள் துள்ளாத குறையாக வீட்டுக்கு வந்தார்.

"கிடைச்சுட்டான்!"

பேருந்து நிறுத்தத்தில் ஒருவன். முப்பத்துநாலு, நாற்பத்தொன்று. போய்க் கேட்டதும், "ஆமா பெரியவரே, நான்தான் உங்களைத் தூக்கிட்டுப் போனேன்" என்றானாம். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து பேன்ட்டை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

அந்த ஒரு வாரம் மகள் பார்த்ததை அவளால் மறக்க முடியவில்லை. திங்கட்கிழமை அவர் எட்டு மணிவரை தூங்கினார். செவ்வாய்க்கிழமையும். "நடக்கலையாப்பா?" என்றால், "அதான் ஆள் கிடைச்சாச்சே" என்றார். புதன்கிழமை பொட்டலம் வந்தது. வெள்ளிக்கிழமை சட்டையில் புகை வாசம். சனிக்கிழமை மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று நெஞ்சைத் தடவினார். பழைய ஆளாகத் திரும்ப ஒரு வாரம் போதுமாக இருந்தது. மகள் அந்தப் படியின் கீழே நின்று, அவர் கால் அடுத்த படிக்கு எழுவதற்காகக் காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். பேன்ட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். தையல்காரர் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து இரண்டு தோளையும் பிடித்து நேராக நிறுத்தி, மறுபடி உட்கார்ந்து பார்த்தார்.

"வலது பக்கம் தொங்குது."

"பரவால்ல பெரியவரே, நான் போட்டுக்கறேன்."

"தம்பி, நீ பாரம் தூக்கற வேலை செஞ்சதே இல்லை. உன் இடுப்பு ரெண்டும் தராசு மாதிரி சமமா நிக்குது. கழட்டு."

"அது வந்து... அன்னைக்கு நான்தான்..."

"கழட்டுப்பா. ஏமாத்தணும்னா முகத்தால ஏமாத்தலாம், இடுப்பால முடியாது. டீ குடிச்சுட்டுப் போ."

திங்கட்கிழமை விடியலில் அவர் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. படுக்கையில் கிடந்த மகளுக்கு அழுகை வந்தது. ஏமாற்ற வந்த அந்த ஆளை அவள் மனதாரத் திட்டினாள். அடுத்த நொடியே, அவன் பொய் சொன்னதற்காக மனதார வாழ்த்தவும் செய்தாள்.

*

உண்மையான ஆள் அதற்கு ஐந்து மாதம் கழித்து அவளிடம்தான் வந்து சேர்ந்தார். அலுவலகத்துக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் மாறியிருந்தார். புது ஆள் கேனை வலது தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"நீங்க அந்தத் தையல்காரர் பொண்ணுதானே? ஆஸ்பத்திரி வாசல்ல அழுதுகிட்டே ஓடி வந்தீங்க. அவர் கழுத்துல டேப் இருந்துச்சு. அதான் தையல்காரர்னு தெரிஞ்சுது. எப்படி இருக்காரு?"

அவள் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். வலது கால் மடிப்பில் இரண்டு ஸ்டேப்ளர் பின்கள் மின்னின.

நாற்காலி போட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பேன்ட்டை, காலைகளை, ஏமாற்ற வந்தவனை, எட்டு மணிவரை தூங்கிய அந்த வாரத்தை. வேன்காரர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"இப்ப நான் வந்து நின்னா?"

"வாங்கிக்கச் சொல்லிக் குடுத்துட்டு வீட்டுல படுத்துக்குவாரு."

"அப்ப நான் வரலைம்மா. எனக்குப் பேன்ட்டா முக்கியம்? நடக்கட்டும் மனுஷன்."

"நான் செய்யறது சரியா?"

"படிச்சவங்க நீங்க, என்னைக் கேட்டா?" என்றார் வேன்காரர், காலி கேனைத் தூக்கியபடி.

படித்ததில் அதற்குப் பதில் இல்லை. அப்பாவுக்குப் பாக்கி வைத்துப் பழக்கமில்லை. சொன்ன தேதியில் துணி கொடுக்க முடியவில்லை என்றால் சாப்பாடு இறங்காது அவருக்கு. அந்த மனிதரின் மன நிம்மதியை எடுத்து அவருடைய இதயத்துக்குப் போட்டாள் மகள். கால்சட்டையின் ஓரிடத்தில் வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டுவது அவர் கற்றுத்தராமலே அவளுக்கு வந்திருந்தது. முன்பு அவரைக் கேட்காமல் அவர் காலுக்கு ஓய்வு கொடுத்தாள். இப்போது கேட்காமல் அந்த ஓய்வைப் பறிக்கிறாள். இரண்டும் அன்புதான் என்றால், அவருக்கு என்ன வேண்டும் என்று யார்தான் கேட்டார்கள்?

கேட்க ஒரு சந்தர்ப்பமும் வந்தது. பல வருடம் கழித்து, பாலத்தின் மேல் இருவரும் நின்றிருந்த ஒரு காலை. கீழே நீரிலிருந்து புகைபோல ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவருக்கு அறுபத்திரண்டு. முப்பத்தாறு இடுப்பு. மூச்சு சீராக இருந்தது.

"உன் ஆபீசுக்கு எத்தனையோ பேர் வந்து போறாங்களே, பாப்பா. கால்ல பின் அடிச்சுக்கிட்டு ஒருத்தனும் வரலையா?"

கைப்பிடிச் சுவர் ஈரமாக இருந்தது. அவள் அதில் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

"இல்லப்பா."

"ம்" என்றார் அவர். அவளைப் பார்க்கவில்லை. "சரி, நாளைக்கு ரயில் நிலையத்துப் பக்கம் போவோம்."

*

தையல்காரர் அறுபத்தெட்டு வயதில் நுரையீரலில் வந்த காய்ச்சலில் ஒன்பது நாள் கிடந்து இறந்தார். அந்த நெஞ்சுவலிக்குப் பிறகு பதினாலு வருடம். இந்த வயதில், ஒரு முறை அடி வாங்கிய இதயம், கடைசிவரை தாக்குப்பிடித்தது ஆச்சரியம் என்றார், இப்போது தலை நரைத்திருந்த அதே மருத்துவர். காய்ச்சலின் எட்டாம் நாள் தையல்காரர் மகளைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் குடுத்தாச்சு. ஒரே ஒருத்தனுக்குத்தான் பாக்கி" என்றார். சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா, கேட்க விரும்பவில்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

வேன்காரர் அலுவலகத்துக்கு வருவது நின்று பல வருடமாகியிருந்தது. அவரைத் தேடிப் பிடிக்க அவளுக்கு ஒரு மாதம் ஆனது. கடையைத் திறந்து, கருநீலப் பேன்ட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பூச்சி அரிக்காமல் வருடத்துக்கு ஒரு முறை வெயிலில் காய வைத்து, மடிப்பு மாற்றி வைத்திருந்தார் அப்பா.

வேன்காரர் அதை இடுப்பில் வைத்துப் பார்த்தார். அது வயிற்றின் இரண்டு ஓரத்தையும் எட்டவில்லை.

"நாப்பத்திரண்டு ஆச்சும்மா. இப்ப நான் கேன் தூக்கறதில்லை. சொந்தமா ரெண்டு வண்டி வாங்கிட்டேன். தூக்க ஆள் வச்சாச்சு, நான் உட்கார்ந்து ஓட்டறதோட சரி."

அவள் பின்தையலைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே இரண்டு இஞ்ச் துணி விட்டிருந்தார். இரண்டே இஞ்ச்.

"வேற தையல்காரர்கிட்டக் குடுத்து ஒட்டுப்போட்டுத் தரச் சொல்லவா?"

"வேண்டாம்மா. இன்னொருத்தர் கை பட்டா அது அவர் குடுத்ததா எப்படி ஆகும்?" பேன்ட்டை மடித்து, தையல்காரர் மடித்திருந்த அதே மடிப்பில் மடித்து, மேசைமேல் வைத்தார். "இங்கயே இருக்கட்டும். நான் இதுக்குள்ள வந்ததும் வாங்கிக்கறேன்."

அது வேடிக்கையா, சத்தியமா என்று அவளுக்குப் புரியவில்லை. வாசலில் நின்ற வேனின் இருக்கையில் ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு கையால் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"அடுத்த தடவை வண்டில வராதீங்க" என்றாள் அவள்.

அவர் கையை ஆட்டிவிட்டுப் போனார். அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. பேன்ட் கடையில்தான் இருக்கிறது.